சனிக்கிழமைகளும் இரண்டு பக்கக் குறிப்பும்

எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு ஒரே ஒரு இமெயில் முகவரிதான் இருந்தது. அதற்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு. பெரம்பலூர் அலுவலகத்தில் நான், குன்னம் மையத்தில் ஒருவர், திருமானூர் மையத்தில் ஒரு பெண், திருச்சியில் குடியிருக்கும் எங்கள் செயலாளர் என்று நான்கு பேரும் அதையேதான் திறந்து பார்ப்போம். ஒருவர் படித்துவிட்டால் அந்தக் கடிதம் மற்றவர் கண்ணில் படாமல் போய்விடும். அதனால் நான் ஒரு விதி போட்டிருந்தேன். படித்தவர் அதை மறுபடியும் 'படிக்காதது' என்று மாற்றி வைத்துவிட வேண்டும். எல்லோரும் அப்படியே செய்தார்கள். என் விதியை யாரும் மீறுவதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

காது கேளாத சிறு பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது எங்கள் வேலை. போன வருடம் காதுக் கருவி பொருத்தும் முகாம் நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒன்பது பிள்ளைகளுக்கு இடம் வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் படித்தேன். திருமானூர்ப் பிள்ளைகள்தானே, அந்தப் பெண் பதில் போட்டுவிடுவாள் என்று நினைத்து 'படிக்காதது' ஆக்கி வைத்தேன். அவள் படித்தாள். முகாம் விஷயமெல்லாம் பெரம்பலூர் அக்காதான் பார்ப்பார்கள் என்று அவளும் அப்படியே மாற்றி வைத்தாள். குன்னத்துக்காரர் படித்தார், செயலாளரும் படித்தார். நான்கு பேர் படித்த கடிதம் யாருமே தொடாததுபோலத் தடித்த எழுத்தில் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது. முகாம் முடிந்த பிறகு அவர்கள் போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ஒன்பது பிள்ளைகளும் அடுத்த முகாமுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது.

செயலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அடுத்த முறை பெரம்பலூர் வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"ஆளுக்கொரு மெயில் வச்சுக்கலாங்க. பைல் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல இல்லாம இண்டர்நெட்டுல ஒரே எடத்துல இருக்கும். அவங்கவங்க எடத்துலேர்ந்தே திறந்து எழுதலாம். கிளவுடுங்கறாங்களே, அதுதான். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இலவசமாவே தர்றாங்களாம்."

"சரிங்க சார்."

"மாறலாமா வேணாமான்னு நீங்களே விசாரிச்சு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கமிட்டியில நீங்க சொல்றதத்தான் கேப்பாங்க."

அது உண்மை. கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருக்கும் கம்ப்யூட்டர் என்றால் நான்தான்.

நான் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம் என்பதற்கான காரணங்கள் மளமளவென்று வந்தன. குன்னத்தில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. அடிக்கடி கரண்ட் போகிறது. நம் பிள்ளைகளின் விவரங்களை முன்பின் தெரியாத ஒரு கம்பெனியிடம் ஏன் கொடுக்க வேண்டும்? இன்றைக்கு இலவசம், நாளைக்குக் காசு கேட்டால் என்ன செய்வது? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதிலும் இருக்கிற கேள்விகள்தான் என்று எனக்கே தெரியும். பதில்களை மட்டும் நான் எழுதவில்லை.

எழுதாத காரணம் ஒன்று இருந்தது. அது சனிக்கிழமை.

மாத அறிக்கை, வருகைப் பதிவு, பிள்ளைகளின் படங்கள் எல்லாம் சேர்க்கும் பைல் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதனால் சனிக்கிழமை தோறும் குன்னத்துக்காரரும் திருமானூர்ப் பெண்ணும் பென் டிரைவோடு பெரம்பலூருக்கு வருவார்கள். பத்தரைக்கு வந்தால் மாலை நாலு மணி வரை இருப்பார்கள். உண்மையில் அது ஒரு மணி நேர வேலை. நான்தான் இழுப்பேன். இந்தப் படத்துக்குக் கீழே பெயர் இல்லை, அந்தக் கட்டத்தில் தேதி தப்பு என்று ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பேன். நடுவில் டீ, பிறகு சாப்பாடு, பிறகு ஊர்க்கதை. எனக்கு ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்துக்குப் பின்னாலேயே ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை போனைத் தவிர என் குரலைக் கேட்க ஆள் கிடையாது. யாரிடமும் இதைச் சொல்லிப் புலம்பியதில்லை. சனிக்கிழமை வரும் என்று தெரிந்ததால் மற்ற நாட்களையும் ஓட்டிவிட முடிந்தது.

விசாரித்து எழுதுங்கள் என்று செயலாளர் சொல்லியிருந்தாரே, அதற்காக ஒரு புதன்கிழமை திருமானூர் புறப்பட்டேன். விசாரித்தேன் என்று குறிப்பில் ஒரு வரி போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு மேல் எனக்கு நோக்கம் எதுவும் இல்லை. அரியலூர் வரை ஒரு பஸ். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. அங்கே முக்கால் மணி நேரம் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அதில் உட்கார இடமில்லை. வயல்கள் தென்படத் தொடங்கியபோது என் முழங்கால் இரண்டும் கெஞ்சின. எட்டு வருடமாக அந்தப் பெண் இந்த வழியில் வந்து போகிறாள் என்பது நின்றுகொண்டு போனபோதுதான் உறைத்தது.

மையத்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனாள்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? உக்காருங்க, டீ வாங்கியாறேன்."

டீ குடித்தபடி விஷயத்தைச் சொன்னேன். கரண்ட், சிக்னல், பழக்கமில்லாத வேலை என்று கஷ்டங்களையே அடுக்கினேன். அவள் வாயால் 'வேண்டாம்' என்று வரவழைத்துவிட்டால் என் குறிப்புக்குப் பலம்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்படி வந்துச்சுன்னா சனிக்கெழம பெரம்பலூர் வர வேண்டியதில்லீங்களாக்கா?"

"வர வேண்டியதில்ல."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்படிப்பட்ட பெண்தான்.

"எங்க வூட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்துல சிமெண்டு ஆலையில வேலைங்களா, வாரத்துல சனிக்கெழம மட்டுந்தான் லீவு. மத்த நாள்ல அவரு ஷிப்டு, நான் இங்க. ஒருத்தர ஒருத்தர் பாக்கறதே பெரும்பாடா இருக்குங்க."

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லலையே நீ?"

அவள் தயங்கினாள். பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லலாம்னுதான் நெனச்சேங்க. அவருதான் வேணாம்னாரு. அந்த அக்கா தனியா இருக்காங்க, நீங்க ரெண்டு பேரும் போவலன்னா பாவம் என்ன பண்ணுவாங்க, போயிட்டு வான்னு அவரேதான் பஸ் ஏத்தி வுடுவாருங்க."

அந்த ஆளை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. முகம் தெரியாத ஒருவர் தன் ஒரே லீவு நாளை எட்டு வருடமாக எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். நான் அதை என் செல்வாக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. அவள் மேலா, அவர் மேலா, என் மேலேயா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பாவம் என்று அவள் சொன்னது காதிலேயே நின்றது.

மறுநாள் காலை பழைய குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். மாறலாம் என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஒன்பது பிள்ளைகளின் கதையையும் என் விதியையும் ஒளிக்காமல் எழுதினேன். சிக்னலுக்கும் கரண்டுக்கும் என்ன செய்யலாம் என்று பதில்களையும் இந்த முறை சேர்த்தேன். ரெட்டிபாளையத்தைப் பற்றி எழுதவில்லை. கமிட்டி கால் மணி நேரத்தில் ஒப்புக்கொண்டது. இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்களே என்று ஒருவர் பாராட்டினார்.

ஒரு மாதத்தில் எல்லாம் மாறிவிட்டது. இருவருக்கும் பயிற்சி கொடுத்தவளும் நான்தான். யாருக்கு வந்த கடிதத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதில் இப்போது குழப்பமே இல்லை. நல்ல முறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமைகளில் நான் மட்டும் வழக்கம்போல் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். அறையில் உட்கார்ந்து என்ன செய்வது?

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் மாத அறிக்கையைத் திறந்தேன். திரையின் மேல் மூலையில் ஒரு பச்சை வட்டமும், அதற்குள் திருமானூர்ப் பெண்ணின் பெயரின் முதல் எழுத்தும் இருந்தன. அதே அறிக்கையை அவளும் அங்கே திறந்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். வருகைப் பதிவின் நடுக் கட்டம் ஒன்றில், அவள் எழுதும் இடத்தைக் காட்டும் பச்சைக் கோடு நின்றிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை மறைப்பானேன். யோசிக்கிறாள் போலிருக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானும் என் பக்கங்களைத் திருத்தத் தொடங்கினேன். அவ்வப்போது மேலே பார்த்துக்கொண்டேன். ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வதுபோலவே இருந்தது. டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் ஆகியும் கோடு நகரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று போன் செய்தேன். எடுத்ததும் காற்றுச் சத்தம்.

"சொல்லுங்கக்கா. நாங்க தஞ்சாவூர் போயிட்டிருக்கோம், பைக்ல. கம்ப்யூட்டர அணைக்காமயே வந்துட்டனா? அவரு வாசல்ல வந்து நின்னதும் ஓடியாந்துட்டேன். பக்கத்து வூட்டுல மையத்துச் சாவி இருக்கு, போயி அணைக்கச் சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா. பாதியில அணைச்சா நீ போட்டதெல்லாம் அழிஞ்சிடப் போவுது. அப்படியே இருக்கட்டும்."

"சரிங்கக்கா."

ஒன்றும் அழியாது. அடிக்க அடிக்கத் தானாகவே பதிவாகிவிடும், பயப்படாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். போனை வைத்துவிட்டு நாற்காலியைத் திரைக்குக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.