தாழ்ப்பாள் இல்லாத கதவு

மாமா கல்யாணத்துக்காக மாஞ்சோலையிலிருந்து திசையன்விளைக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. புதுப் பட்டுப்பாவாடை உடுத்தியிருந்தேன். அத்தனை மலை வளைவிலும் நான் வாந்தியெடுக்கவில்லை என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. என் கஷ்டம் வயிற்றுக்குக் கீழே இருந்தது அவளுக்குத் தெரியாது. இறங்கிப் பஸ் மாறும் ஊரில், இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்றாகிவிட்டது.

பஸ் நிலையக் கழிப்பிடம் என்றாலே எனக்கு உதறல். முந்தின வருஷம் அப்படி ஒன்றில் குத்தவைத்திருந்தபோது யாரோ ஒருத்தி கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். வெளியே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றிலிருந்து வெளியூர் போனால் அடக்கிக்கொள்வதே வழக்கம். இன்று அடக்கினால் பட்டுப்பாவாடை போச்சு. கல்யாண வீட்டில், சொந்தக்காரப் பிள்ளைகள் முன்னால்!

போய்ப் பார்த்தால் இந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது.

"ஏட்டி, நான் இங்கனதான் நிக்கேன். கதவ விடவே மாட்டேன். பைய போ" என்றாள் அம்மா.

உள்ளே இருட்டு, நாற்றம். உட்கார்ந்தேன். வரவில்லை. அவ்வளவு நேரம் முட்டிக்கொண்டு இருந்தது எங்கே போய் ஒளிந்ததோ! கதவு லேசாக அசைந்தாலே உயிர் போய் உயிர் வந்தது.

"எம்மா, இருக்கியா?"

"இருக்கேன்ட்டி."

வெளியே வரிசை நீண்டது. "என்னக்கா, உள்ள குடியேறிட்டாளா?" என்று ஒருத்தி சத்தம் போட்டாள்.

"பிள்ள பயப்படுதா தாயி, செத்த பொறுங்க" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரவேண்டியது மட்டும் வரவில்லை.

அப்போது அம்மா கதவோரம் வாயை வைத்து, கைக்குழந்தையைக் காலில் உட்காரவைத்துச் சொல்வதுபோல "ஸ்ஸ்ஸ்..." என்றாள். ஒன்பது வயதுக்காரிக்கு! மானமே போயிற்று. கொஞ்ச நேரத்தில் சத்தம் போட்டவளும் "ஸ்ஸ்ஸ்" என்றாள். பிறகு வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. இத்தனை பேரும் எனக்காகத்தான் நிற்கிறார்கள், இனி யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று தோன்றியதும் உடம்பு தளர்ந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சிரிப்பும் கண்ணீருமாக வெளியே வந்தேன். "உனக்கு வேண்டாமாம்மா?" என்று கேட்டேன். அம்மா அந்தக் கதவை ஒரு தடவை பார்த்தாள்.

"எனக்கு வரலட்டி" என்று பையைத் தூக்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

கல்யாண வீட்டு வாசலில் பெரிய மாமா வீட்டு அத்தை "வாங்க மைனி" என்று சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அம்மா ஏறிட்டும் பார்க்காமல், விறுவிறுவென்று கொல்லைப்புறம் போய்விட்டாள். அத்தைக்கு முகம் சுண்டிப்போனது.

"உங்க அம்மைக்கு என்னட்டி இம்புட்டு வீம்பு?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கும் கோபம்தான். வந்த இடத்தில் இப்படியா மரியாதை இல்லாமல் நடப்பது? தாழ்ப்பாள் இல்லாத கதவைக் கண்டால் அம்மாவுக்கும் பயம் வரும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?