ஜமீலாக்கா தலை எண்ணின கணக்கு

கணக்கு டியூஷன் எடுக்கறவளுக்குக் கல்யாண ஊட்டுல கிடைக்கிற மரியாதை எப்பவும் ஒண்ணுதானுங்க: "ஐயோ, எனக்குக் கணக்குன்னாலே ஆகாதுங்க"ன்னு சிரிச்சுட்டே சொல்லிட்டு, பக்கத்து எலைக்காரங்க அடுத்த பந்திக்கு நகந்துக்குவாங்க. கொழிஞ்சாம்பாறையில, பொள்ளாச்சி பஸ் போற ரோட்டுல, ஒரு உரக்கடை மாடியிலதான் என்னோட டியூஷன். கீழ யூரியா வாசம், மேல அல்ஜீப்ரா. நீங்களும் ஒரு காலத்துல இந்த மாதிரி ஏதாவதொரு மாடியில வேர்த்து விறுவிறுத்து உக்காந்தவங்கதானே, அதனால உங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாம்.

தோள்ல ஏறின x

எத்தனையோ கணக்கு இருக்குது. ஆனா பசங்களை ஓட ஓட வெரட்டறது அடுக்குச் சமன்பாடுதான். மத்த கணக்குல எல்லாம் x பாவமா தரையில நிக்கும். இதுல மட்டும் 2ˣ = 32ன்னு எண்ணோட தோள்ல ஏறி உக்காந்துக்கும். என் வகுப்புல தமிழ் மீடியம் புள்ளைங்க அதை அடுக்குங்கும், மலையாள மீடியம் கிருதிங்கும், இங்கிலீஷ் மீடியம் பவருங்கும். பேரு எதுவானாலும் முழிக்கிற முழி ஒண்ணுதான்.

நான் சொல்லித் தர்ற வழி லேசுங்க. ரெண்டு பக்கமும் அடியில இருக்கற எண்ணை ஒண்ணாக்கு. 32ங்கறது அஞ்சு ரெண்டைப் பெருக்கினது, அப்ப 2ˣ = 2⁵. அடி ஒண்ணாயிருச்சா? இனி அடியை உட்டுட்டு மேல இருக்கறதை மட்டும் பாரு, x = 5. இப்படிச் சொல்லி முடிச்சு, கைத்தூசியைத் தட்டிட்டுப் பெருமையா திரும்பினா, முதல் பெஞ்சு வினோதினி கையைத் தூக்கிட்டு நிக்கறா. ஆஹா, புள்ளைக்குச் சந்தேகம் வந்திருச்சுன்னு சந்தோஷமா "கேளு கண்ணு"ன்னேன். அவ கேட்டா: "அஞ்சு வந்திருச்சுங்க டீச்சர். இத வெச்சு என்னங்க பண்றது?"

பூண்டும் பன்னியும்

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்குன்னு தைச்சிருச்சு. சரி, வாழ்க்கையில இருந்தே ஒரு கணக்கை எடுத்துப் போடுவோம்னு அடுத்த நாளே கிளம்பினேன். வட்டவடையில இருந்து வந்து இங்க பெரியம்மா ஊட்டுல தங்கிப் படிக்கிற செல்வம்னு ஒருத்தன் இருந்தான். அவிங்க ஊருல பூண்டு விளையுதே, அவனுக்குப் புடிச்சுப் போயிரும்னு நெனச்சு, ஒரு பூண்டுப் பல்லு நட்டா எட்டுப் பல்லு வருது, வர்றதை எல்லாம் திருப்பி நட்டா எத்தனை போகத்துல 512 பல்லு ஆகும்னு கேட்டேன். அழகான கணக்குங்க. 8ˣ = 512, விடை மூணு.

எல்லாரும் எழுதறாங்க, செல்வம் மட்டும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கான். "ஏன்டா எழுதல?"ன்னேன். "எங்க காட்டுல பாதிய பன்னி தோண்டிட்டுப் போயிருச்சு டீச்சர். மிச்சத்துல எங்கம்மா ரசத்துக்கு எடுத்துருச்சு. எட்டெல்லாம் எங்குட்டு வரும்?"னான். வகுப்பே சிரிச்சு உருளுது. எனக்கும் சிரிப்புத்தான், ஆனா காட்டிக்க முடியுமா? "என் கணக்குல பன்னி வராதுடா, எழுது"ன்னு அதட்டினேன். அவன் நோட்டைத் திறந்துட்டே, மனசு கேக்காம ஒரு வார்த்தை கேட்டான் பாருங்க: "அப்ப மூணு போகமும் பன்னி பட்டினியாவா கெடக்கும், டீச்சர்?"

முதல் பெஞ்சுக்கு ஒரு வரவு

இப்படி நான் அடி வாங்கிட்டிருந்த சமயத்துலதான் ஜமீலாக்கா மாடியேறி வந்தாங்க. எங்க பகுதி அங்கன்வாடியில ஹெல்பர். கஞ்சி காய்ச்சறது, உப்புமா கிண்டறது, புள்ளைங்க மூஞ்சி கழுவி உடறது, எல்லாம் அக்காதான். ஊட்டுக்காரருக்குச் சந்தையில வெங்காயக் கடை. அக்காவுக்கு ஒரே ஆசை, அதே அங்கன்வாடியில டீச்சராகணும். அதுக்குப் பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணியிருக்கணும். படிப்பைப் பாதியில உட்டவங்க எழுதற பரீட்சை இருக்குதல்லங்க, இங்க துல்யதாம்பாங்க, அதுல போன தடவையே மத்த எல்லாத்துலயும் தேறிட்டாங்க. கணக்குல மட்டும் போயிருச்சு. இப்ப அங்க இருக்கற டீச்சர் ரிட்டயர் ஆகப் போறாங்க. அக்காவுக்கும் அந்த வேலைக்கான வயசு இந்த வருஷத்தோட முடியுது. "இந்தத் தடவை உட்டா ஆயுசுக்கும் அடுப்படிதானுங்க டீச்சர்"னு நேராவே சொல்லிட்டாங்க.

முக்காட்டைச் சரி பண்ணிட்டு வகுப்புக்குள்ள வந்ததும் பாதிப் புள்ளைங்க தானா எந்திரிச்சு நின்னுருச்சுங்க. பின்ன, அத்தனையும் அக்கா கையால உப்புமா சாப்பிட்டு வளந்ததுங்க. என்கிட்ட வாய் பேசற வினோதினி மெதுவா டெஸ்குக்கு அடியில குனியறா. அக்கா உட்டாங்களா? நேரா அவகிட்டப் போய், எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க: "ஏ வினோ, உப்புமாவக் கவுன் பாக்கெட்டுல ஒளிச்சு வெச்சவதானடி நீ? தள்ளி உக்காரு, எனக்கும் எடம் வேணும்."

கதவச் சாத்தறதுக்கு முன்னாடி

அக்காவுக்கு மூளை கற்பூரமுங்க. அடியை ஒண்ணாக்கற வித்தையை ஒரே வாரத்துல புடிச்சுட்டாங்க. தொல்லை வேற எடத்துல. விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போகவே மாட்டாங்க. 3ˣ = 81, x = 4னு வந்திருச்சா, அந்த நாலைத் திருப்பிக் கொண்டுபோய் x இருந்த எடத்துல வெச்சு, மூணை மூணால பெருக்கி, மறுபடி மறுபடி பெருக்கி, 81 வந்ததைக் கண்ணால பார்த்தப்புறம்தான் அடுத்த கணக்குக்குப் பேனாவை நகத்துவாங்க. ஒவ்வொரு கணக்குக்கும் இதேதான். போன தடவை தோத்ததும் இதனாலதான், பேப்பர்ல பாதிக்குக் கையே வைக்கல.

"ஏனுங்கக்கா இப்படி?"ன்னு கேட்டேன். அதுக்கு அக்கா ஒரு பழைய கதை சொன்னாங்க: ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் போயாச்சுன்னு அங்கன்வாடியைப் பூட்டப் போயிருக்காங்க. குடையை மறந்துட்டோமேன்னு திரும்ப உள்ள போனா, சுருட்டி வெச்ச பாய்க்குப் பின்னாடி ஒரு குழந்தை தூங்கிட்டிருக்குது. அதுக்கப்புறம் வந்த தலையும் போற தலையும் சரியா இருக்கான்னு எண்ணாம எந்தக் கதவையும் சாத்தறதில்ல. எனக்கு மனசு இளகினாலும், பரீட்சைக்கு நேரம் இல்லையே! "இப்படியே பண்ணினா மறுபடியும் கோட்டை உட்டுருவீங்கக்கா. பரீட்சையில மட்டுமாவது இதை உடுங்க"ன்னு கத்திட்டேன். அக்கா கோவிக்கல. "நீங்க திட்டுங்க டீச்சர், பரவால்ல. தலை எண்ணாம கதவச் சாத்தினா எனக்குச் சோறு எறங்காதுங்க."

மூணு எங்க போச்சு?

கடைசியில ஒரு சமாதானத்துக்கு வந்தோம். சரி பாக்கறதைப் பேப்பர்ல பாக்கக் கூடாது, மனசுக்குள்ளயே சட்டுனு பாத்துக்கணும். அதுக்கு ரெண்டு, மூணு, அஞ்சு, எல்லாத்தோட அடுக்கும் மனப்பாடமா நாக்குல நிக்கணும். வினோதினி கடிகாரத்தைக் கையில வெச்சுட்டு வாத்தியாரம்மா ஆயிட்டா. அக்காவோ உப்புமா கிண்டறப்பவும் பாத்திரம் தேய்க்கறப்பவும் ராகம் போட்டு ஒப்பிச்சுட்டே இருந்தாங்க.

ஒரு வாரம் போயிருக்கும். அங்கன்வாடிக்குப் போற ஒரு குழந்தையோட அம்மா மூச்சு வாங்க என் மாடிக்கு வந்து நின்னாங்க. "ஏனுங்க டீச்சர், எம்பையன் நல்லா ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டிருந்தான். இப்பக் கேட்டா ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுங்கறான். நீங்களும் ஜமீலாக்காவும் சேந்து மூணை எங்கீங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

பதினொண்ணரை

பரீட்சை நாளுங்க. இருப்புக் கொள்ளாம நானும் பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னுட்டேன். பரீட்சை எழுதிட்டு முதல்ல ஒரு ஆட்டோக்காரர் வெளிய வந்தார். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தா, 2ˣ⁺¹ + 2ˣ = 24. எனக்குப் பகீர்னுச்சு. நடுவுல கூட்டல் வந்துட்டா அடியைச் சும்மா உட்டுட்டுப் போகக் கூடாது, அந்த வித்தை ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு அடுக்கு இருந்தாத்தான் செல்லும். இதைத் தொண்டை வறளச் சொல்லியிருக்கேன், வருஷா வருஷம் புள்ளைங்க அதுலயே போய் உழுவாங்க. x + 1 + x = 24ன்னு எழுதிட்டுப் பதினொண்ணரைன்னு வந்து நிப்பாங்க. ஆட்டோக்காரரும் அதேதான். "பதினொண்ணரை வந்துச்சுங்க. அரையில முடிஞ்சா கஷ்டப்பட்டுப் போட்டிருக்கோம்னு மார்க்கு கூடத்தானே போடுவாங்க?"ன்னு என்னையே கேட்டார்.

அக்கா கடைசி ஆளா வந்தாங்க. அந்தக் கணக்கைத்தான் முதல்ல கேட்டேன். "எனக்கும் பதினொண்ணரைதானுங்க வந்துச்சு"ன்னாங்க. "போச்சா?"ன்னு கத்திட்டேன். "அப்புறம் திருப்பி வெச்சுப் பார்த்தனுங்க. பதினோரு ரெண்டைப் பெருக்கினாலே ரெண்டாயிரத்தத் தாண்டுது. இருபத்துநாலு பேர் இருக்கற எடத்துல ரெண்டாயிரம் பேர் எப்படீங்க வருவாங்க? அடிச்சுட்டு மறுபடி போட்டேன்." 2ˣ-ஐப் பொதுவா வெளிய எடுத்திருக்காங்க. மூணு தடவை 2ˣ, இருபத்துநாலு. அப்ப 2ˣ எட்டு, x மூணு. பதினாறும் எட்டும் இருபத்துநாலு, தலை சரியா இருக்குது! நான் ரோட்டுலயே அவங்க கையைப் புடிச்சுட்டேன். ஆனா அடிச்சு எழுதினதுல நேரம் போயிருக்குமே. "கடைசிக் கணக்கு?"ன்னு பயந்துட்டே கேட்டேன். "அதுக்குள்ள மணி அடிச்சிருச்சுங்க டீச்சர். ஆனா போட்டதுல ஒண்ணும் காணாமப் போகல, எல்லாத்தையும் எண்ணிட்டுத்தான் வந்தேன்."

உப்புமா வாசம்

பாஸுங்க! மயிரிழையில தப்பின மார்க்குதான். அந்த ஒரு கணக்குப் போயிருந்தா அக்காவும் போயிருப்பாங்க. அப்புறம் இண்டர்வியூ, அலைச்சல், காத்திருப்பு எல்லாம் முடிஞ்சு, ஒரு வழியா ஆர்டரும் கைக்கு வந்திருச்சு. அதை வாங்கின அன்னிக்குச் சாயங்காலம் கடலைமிட்டாய் டப்பாவோட மாடியேறி வந்தாங்க. நான் அப்பத்தான் புது வகுப்புக்கு x-ஐத் தோள்ல ஏத்தி இறக்கிக் காட்டிட்டிருந்தேன். விடை அஞ்சுன்னு எழுதி முடிக்கல, புதுசா வந்த ஒரு பொண்ணு கையைத் தூக்கிட்டா. "டீச்சர், இத வெச்சு என்னங்க பண்றது?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா வாசல்ல நின்னுட்டே பதில் சொல்லிட்டாங்க. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு, சாக்பீஸ் தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன். அக்கா சொன்னது இதுதான்: "இனி எவ இந்தக் கேள்வி கேட்டாலும் அங்கன்வாடிக்கு அனுப்பி உடுங்க டீச்சர், அங்க டீச்சர் நாற்காலியில நாந்தான் உக்காந்திருப்பேன்."

நானும் அன்னியில இருந்து கேக்கறவங்களை எல்லாம் தவறாம அனுப்பிட்டுத்தான் இருக்கேன். திரும்பி வர்றப்ப வயிறு நிறைய உப்புமாவோட வர்றாங்க, சந்தேகத்தோட ஒருத்தரும் வர்றதில்லீங்க.