புது பஸ் நிலையம் திறந்த திங்கட்கிழமை

தொண்ணூறுகளில் லண்டனில் வேலைக்குப் போகும்போது, எல்லா பஸ்ஸும் வந்து நிற்கும் பழைய தரிப்பிடத்தில் தினமும் ஒரு அக்காவுடன் கதைப்பேன். யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை, கிணறு, அயல்வீடு எல்லாம் எனக்குத் தெரியும். லண்டனில் எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, "நெஞ்சில கட்டி ஒண்டு. இண்டைக்குத்தான் ரிசல்ட் சொல்லுவினம். திங்கட்கிழமை உனக்குச் சொல்லுறன், தங்கச்சி" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை புது பஸ் நிலையம் திறந்தார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் ஒவ்வொரு மூலையில் நின்றது. தேடி ஓடினேன். புறப்பட்டுவிட்ட பஸ்ஸுக்குள்ளிருந்து அக்கா கண்ணாடியில் தட்டி என்னவோ சொன்னார். ஈரம் படிந்த கண்ணாடியில் சிரித்தாரா, அழுதாரா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு தினமும் அந்த மூலையில் போய்ப் பார்த்தும் அவரைக் காணவேயில்லை.

இப்போது தமிழர் யாரைச் சந்தித்தாலும் முதலில் ஃபோன் நம்பரை வாங்கிவிடுகிறேன். எந்த ஊர் என்று பிறகு கேட்கலாம்.