செடெனாக் கடைக்கு ஜோடியாகப் போனோம்

பொந்தியானில் என் மளிகைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் புருஷன் பெண்டாட்டியாகத்தான் வருகிறார்கள். அவள் பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறாள். அவன் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது ஏதோ தானாக வந்த பழக்கம் என்று இளசுகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. தானாக வரவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கட்டின பெண்டாட்டியை முதன்முதலாகக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். வேறு யாரும் எழுதப்போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. எழுத்தில் கோணல் இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். நான் செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. தோட்டத்துக்கு ஆள் அதிகம் என்று வெள்ளைக்காரத் துரை முடிவு செய்துவிட்டார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, சில பெயர்களைக் கடைசியில் தனியாகக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர்க்காரர்கள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, சிங்கப்பூரில் கப்பலேறி, ஊருக்குப் போகவேண்டியதுதான். ஊரில் எனக்கு என்ன இருந்தது? ஒன்றும் இல்லாததால்தானே வந்தேன். என் வீட்டுக்காரிக்கு ஊரே கிடையாது. அவள் காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். ஊர் என்பதை அவள் கண்ணாலும் கண்டதில்லை. கப்பலேற மாட்டேன் என்று நான் மனத்துக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில், கல்யாணமாகாத ஆண்களுக்குப் பொதுவில் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பதியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்கள் போன பிறகு அந்தத் தனியாள்கள் தாங்களே பொங்கித் தின்றார்கள். கருகினதும் வேகாததுமாகத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். வேலைக்கு ஆள் குறைந்தது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், பெரட்டில் நின்று கத்தினார். நான் வரிசையை விட்டு முன்னால் வந்தேன்.

“அந்தச் சமையலை எங்ககிட்ட குடுங்க ஐயா.”

“உன்ர மனுசிக்கு இத்தனை பேருக்குச் சமைக்க ஏலுமோ?”

“முடியும் ஐயா.”

அவளிடம் நான் கேட்டிருக்கவில்லை. கேட்க நேரமில்லை.

“சரி, மாசக் கடைசி மட்டும் பாப்பம்,” என்றார் கிராணி. “அதுக்குள்ள இவங்கள் சாப்பாடு வேண்டாமெண்டு வந்து நிண்டாங்கள் எண்டால், அடுத்த கப்பலிலை நீங்கள் ரெண்டு பேரும்தான்.”

அரிசி தோட்டத்துக் கிடங்கில் கிடைக்கும். மிளகாய், மல்லி, பருப்பு, புளி, எண்ணெய், கருவாடு எல்லாம் செடெனாக் கடைத்தெருவில் வாங்கவேண்டும். அந்தக் காலத்தில் கடைத்தெரு ஆண்பிள்ளை விஷயம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலுக்குக் காவடியில் கீரையும் மீனும் கொண்டுவருகிற சீனனிடம் பெண்கள் வாங்கலாம், பேரம் பேசலாம், திட்டவும் திட்டலாம். அது வாசல். வாசலைத் தாண்டி, ரயில் பாதையோரமாக நடந்து, கடைக்குள் கால்வைத்தால் அவள் புருஷனுக்கு மானக்கேடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். கள்ளுக்கடை வழியாகத் திரும்பி வருவார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் போனேன், கள்ளுக்கடை மட்டும் இல்லாமல். மலாய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடை முதலாளி சீனத் தவுக்கேயிடம் பேசிப் பேசி விலையைக் கீழே இறக்கினேன். அந்த விலைக்கு அன்று செடெனாக்கில் வேறு எவனும் வாங்கியிருக்க முடியாது.

என் வீட்டுக்காரி சாக்கை அவிழ்த்தாள். ஒரு மிளகாயை ஒடித்து மோந்து பார்த்தாள். மல்லியை உள்ளங்கையில் தேய்த்தாள். கருவாட்டை ஒரு விரலால் அழுத்தினாள். அவளுடைய அம்மா மசாலை அரைத்துத் தோட்டம் தோட்டமாக விற்றவள். இவளுக்கு மூக்குதான் சீதனம்.

“கடைக்காரனோட நல்லாப் பேசிட்டு வந்திருக்கீங்க,” என்றாள். “சாமானோட ஒரு வார்த்தை பேசலையே.”

“விலை என்ன தெரியுமா உனக்கு?”

“மல்லியில வாசமே இல்ல. வாசமில்லாத மல்லிய எந்த விலைக்கு வாங்கினா என்ன?”

அந்த வாரம் அவள் என்ன செய்து பார்த்தும் குழம்பு குழம்பாக வரவில்லை. தனியாள்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவர் இருந்தார். லயத்தின் கோடி அறைக்காரர். நெடிய ஆள், வாயும் நெடியது. தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தங்கச்சி, இது குழம்பா, இல்ல சட்டி கழுவின தண்ணியா? தெரிஞ்சுக்கிட்டா அதுக்கேத்த மாதிரி சாப்பிடலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வரேன்.”

எனக்கு யோசிக்கப் பிடித்த நேரம் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இல்லை. விலை என் பங்கு, சாமான் அவள் பங்கு. இரண்டும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளால் எப்படி மோந்து பார்க்க முடியும்? இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், கொஞ்சம் துணிச்சல்தான் வேண்டும். அது என்னிடம் நிறைய இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கிளம்பி லயத்தைக் கடக்கும்போது வாசலுக்கு வாசல் தலை நீண்டது.

“என்ன மாப்புள, மாமியார் வீட்டுக்கா?”

“சாக்க அவ தூக்குவா, அவள நீ தூக்குவியாக்கும்!”

கங்காணியார் தம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்களை வேலைக்கு இறக்குவது நிறுத்துவது எல்லாம் அவர் கையில். அவர் சிரிக்கவில்லை.

“எங்க போறீங்க ரெண்டு பேரும்?”

“செடெனாக்குக்கு, சாமான் வாங்க.”

“பொம்பளை கடைத்தெருவுல நிக்கிற வீட்டுல நம்ம ஆளுங்க கைநனைக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்.”

“நனைக்காட்டி காஞ்ச கையோட இருக்கட்டும் கங்காணியாரே,” என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவரிடம் அப்படிப் பேசினவன் அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னால் இல்லை.

பாதையிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சாமான் நன்றாயிருக்கிறது என்று இவள் முகத்தில் தெரிந்தால் தவுக்கே விலையை ஏற்றிவிடுவான். அதனால் நல்ல சாமானைக் கண்டால் இவள் வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும். கெட்ட சாமானாயிருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மூட்டைக்குப் போய்விடவேண்டும். அவள் எதைத் திட்டுகிறாளோ அதற்கு நான் பேரம் பேசுவேன்.

கடைக்குள் அவள் நுழைந்ததும் பலகையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தவுக்கே மணிச்சட்டத்திலிருந்து கையை எடுத்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மிளகாய் மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடியை அள்ளினாள்.

“ஜாங்கான்! ஜாங்கான்!” வேண்டாம், வேண்டாம் என்று தவுக்கே ஓடி வந்தான்.

அவள் மோந்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே போட்டாள். அடுத்த மூட்டை, அதுவும் பேச்சில்லை. மூன்றாவது, மூலையில், மற்ற சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. அதை என்னை நகர்த்தித் தரச் சொன்னாள். கையை விட்டாள், மோந்தாள்.

“த்தூ! இதெல்லாம் ஒரு மிளகாயா? மாடு திங்குமா இத? இத வச்சிருக்கிறவன் கடை நடத்துறானா, குப்பை அள்ளுறானா?”

தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் திட்டுத்தானே. அவன் முகம் சுண்டிப்போனது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மலாயில் ஆரம்பித்தேன்: தவுக்கே, என் வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை, பார்த்தாய் அல்லவா, இருந்தாலும் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டோம், சாக்கு வெறுமனே போகக்கூடாது, ஏதோ ஒரு விலை சொல். அவன் சொன்னான். நான் இறக்கினேன். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மல்லிக்கு அவள் போட்ட சத்தத்தில் வெளியே போன சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்று பார்த்தான். கருவாட்டின் முறை வருவதற்குள் தவுக்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, வாங்குகிறதை வாங்கி இவளைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சாத குறை.

திரும்பும்போது மூட்டை என் தலையில், எண்ணெய்த் தகரம் அவள் இடுப்பில். ரயில் பாதை வளைவு தாண்டி யாரும் இல்லாத இடத்துக்கு வந்ததும்தான் அவள் மல்லியை ஒரு சிட்டிகை எடுத்து மறுபடி மோந்தாள். முகம் மலர்ந்தது.

“அருமையான மல்லிங்க.”

அன்று சாயங்காலம் தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு ஆளும் வரவில்லை. தனியாள்கள் தங்கள் அறை வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அரிசியைப் போட்டு, உப்போடு தின்றார்கள். கங்காணியார் அங்கேயே கைகட்டி நின்றார். மறுநாளும் அதேதான். இப்படியே போனால் கிராணி காதுக்கு எட்டும், எட்டினால் பெயரைக் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரிக்கும் அது தெரியும்.

“சமைக்கட்டுமா, வேணாமா?” என்று கேட்டாள்.

“சமை. அடுப்பு அணைஞ்சிச்சுன்னா நாம தோத்தோம்.”

அரிசியைக் குறைத்துக்கொண்டாள், குழம்பைக் குறைக்கவில்லை. மீந்த குழம்பைக் கொட்ட மனமில்லாமல், குடும்பக்காரர்கள் அறைகளுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். கடைத்தெருவில் நின்றவள் கை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஆண்களிடம்தான் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு கிண்ணம் கங்காணியார் வீட்டுக்கும் போனது. போகட்டும் என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த நாள் மத்தியானம் கங்காணியம்மா எங்கள் சமையல் கொட்டகைக்கே வந்துவிட்டார். தடித்த உடம்பு, அதற்கேற்ற குரல்.

“ஏண்டி, இந்த மல்லி எங்கடி கெடச்சுது? எங்க வீட்டு ஆம்பளை வருஷக்கணக்கா மண்ணள்ளிக் கொண்டாந்து போடுறாரு. நானும் அத அரைச்சு அரைச்சுக் கை தேயுறேன்.”

“அதே கடைதான் அக்கா. மூட்டை அடியில கெடக்குது. கைய விடணும்.”

“அவரு எங்க கைய விடுவாரு? சீனன் குடுக்கிற டீத்தண்ணியக் குடிச்சிட்டு, அவன் கட்டிக் குடுக்கிறதத் தூக்கிட்டு வருவாரு.”

மல்லியும் மிளகாயுமாக மடி நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டு லயத்து நடுவழியாகவே போனார். கோடி அறைக்காரர் அதைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க, கிராணி இன்னும் வரவில்லை. கோடி அறைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

“கங்காணியாரே, நேத்து உங்க வீட்டுல என்ன குழம்பு?”

“ஏன்?”

“வாசம் எங்க அறை வரைக்கும் வந்து தூங்க விடல. மல்லி எந்தக் கடையோ?”

“எனக்கெப்படித் தெரியும்? வீட்டுல கேளு.”

“வீட்டுல கேக்காமத் தெரியுது. எங்களுக்கு உப்புச் சோறு, உங்களுக்கு அந்தப் பொண்ணு பொறுக்கின மல்லியில குழம்பா? எந்த ஊரு நியாயம் இது? நீங்க நனைச்ச கைய நாங்களும் நனைச்சிக்கிறோம்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. கங்காணியார் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லியிருந்தால் இன்னும் கேவலமாயிருக்கும். அந்த அளவுக்கு அவருக்கும் புத்தி இருந்தது.

அன்று சாயங்காலம் கோடி அறைக்காரர்தான் முதலில் தட்டை எடுத்தார். மூன்றாம் தடவை சோறு கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்:

“தங்கச்சி, சட்டி கழுவின தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்து.”

மாசக் கடைசி வந்தது. பெரட்டுக் களத்தில் கிராணி கடைசிப் பெயர்களைத் தனியாகக் கூப்பிடத் தொடங்கினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் வரிசையை விட்டு வெளியே வந்தார். கூப்பிட்டு முடிந்தது. கிராணி என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்றார்.

“ஒருத்தனும் முறைப்பாடு சொல்லேல்லை. நல்ல குழம்பு எண்டு கேள்விப்பட்டன்.”

“கொடுத்தனுப்பவா ஐயா?”

“அனுப்பன்,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கத்தியையும் வாளியையும் எடுப்பதற்கு முன்னால் சமையல் கொட்டகைக்குப் போனேன். என் வீட்டுக்காரி அடுப்புக்கு முன்னால் குந்தி, ஊதிக்கொண்டிருந்தாள். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

“நம்ம பேரக் கூப்பிடல,” என்றேன்.

இன்னும் ஒருமுறை ஊதினாள். தீ பிடித்தது. புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

“ஞாயித்துக்கிழமை வெள்ளெனக் கிளம்பணும். கங்காணியம்மாவும் வராங்களாம்.”

“கங்காணியாரு விட்டாரா?”

“அவரு சாக்குத் தூக்க வராராம்.”

வாளியை எடுத்துக்கொண்டு என் மரங்களுக்குப் போனேன்.