மிளகாய்க் காட்சிக்கு ஓர் ஒப்பாரி

அமெரிக்காவின் டெக்சாஸில், பேர்லேண்டில் பல் மருத்துவராக இருக்கும் பவதாரணி பிறந்தது யாழ்ப்பாணத்தில். அவளுடைய தம்பி சேந்தன் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறியவன். படகு போய்ச் சேரவில்லை; உடலும் கிடைக்கவில்லை. அவனை நினைத்து அம்மா அழுது பாடிய ஒப்பாரியை பவதாரணி யாருக்கும் பாடிக் காட்டியதில்லை.

கோயிலில் அவள் தேவாரம் பாடிய காணொளியைப் பார்த்து, மெல்பேர்னிலிருந்து ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அழைத்தார். படகில் வந்த அகதிகளைப் பற்றிய தொடர், அதற்கு ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றார்.

"இப்பிடிச் சனம் இருந்தவை எண்டாவது அங்க தெரியட்டும்" என்று மகன் அபிராமிடம் சொன்னாள். எதிரொலி வராமலிருக்க, துணி அலமாரிக்குள் உட்கார்ந்து அம்மாவின் ஒப்பாரியைப் பாடி அனுப்பினாள்.

தொடர் வெளியானது. மகனோடும் சென்னைக்காரத் தோழி ஷ்யாமளாவோடும் உட்கார்ந்து பார்த்தாள். படகுக் காட்சிகளில் பாட்டு வரவில்லை. ஐந்தாவது பகுதியில், கொல்லைப்புற விருந்தொன்றில் ஒரு தொப்பைப் போலீஸ்காரர் பந்தயம் கட்டி மிளகாய்க் கறியை விழுங்கினார். அவர் முகம் சிவக்க, கண்ணும் மூக்கும் ஒழுக, சுற்றி நின்றவர்கள் பியரும் கையுமாகச் சிரித்தார்கள். பின்னணியில் பவதாரணியின் குரல்:

'உப்புத் தண்ணி குடிச்சியோ, ஒரு வாய்ச் சோறு தின்னியோ...'

"ஏய், உன் வாய்ஸ்! சூப்பரா செட் ஆயிருக்கு டி!" என்று கைதட்டிய ஷ்யாமளா, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

பவதாரணி எழுந்தாள். சிங்கில் போய்த் துப்பினாள்.

மறுநாள் தயாரிப்பாளரை அழைத்து, அது சாவுப் பாட்டு என்றாள். "அதனால்தான் அவ்வளவு உணர்ச்சி!" என்று அவர் மகிழ்ந்தார். உரிமையெல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று, இனி எடுக்க முடியாது என்றும் சொன்னார்.

சில வாரங்களில் மிளகாய் தின்னும் ரீல்களுக்கெல்லாம் அந்த ஒப்பாரிதான். ஷ்யாமளாவின் மகள் பிறந்தநாளில் டீஜே அதற்குத் தாளம் சேர்த்துப் போட்டான். பிள்ளைகள் நாக்கை நீட்டி, கையால் விசிறி ஆடினார்கள். பெற்றோர் படமெடுத்தார்கள். பவதாரணி எழுந்து போய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினாள்.

"நிப்பாட்டுங்கோ! இது என்ர தம்பி செத்ததுக்கு அம்மா அழுத பாட்டு."

முன்வரிசையில் இருந்த ஒருவர் சொன்னார்: "விடுங்கம்மா, எவ்ளோ ஃபேமஸ் ஆயிடுச்சு! ப்ரௌடா ஃபீல் பண்ணுங்க."

அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த சாஸைப் பார்க்கவே அவளுக்கு அருவருத்தது.

"உங்கட வீட்டுச் செத்தவீட்டில நான் வந்து ஆடட்டோ, அங்கிள்?"

பதிலுக்கு நிற்காமல் அபிராமை அழைத்துக்கொண்டு வெளியேறினாள்.

மறுநாள் ஷ்யாமளா மீதிக் கேக்கோடு வந்தாள். "சாரி பவா. டீஜே கிட்ட நான் தான் அந்த சாங் கேட்டேன். நீ ஹாப்பி ஆவேன்னு நெனச்சேன்." பவதாரணி அவளை உள்ளே விட்டாள். கேக்கை வாங்கவில்லை.

தொடரின் இரண்டாம் பருவத்துக்கும் பாட மெல்பேர்னிலிருந்து அழைத்தார்கள். மாட்டேன் என்றாள். வேறொரு பாடகியைப் பிடித்துவிட்டார்கள். முன்னோட்டத்தில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பொய்யாக அழுவதை பவதாரணி கிளினிக்கில் இருந்து கேட்டாள். பாதியில் அணைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.