பக்கத்து சீட்டு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழிலில் ஓட்டுவது சுலபம். ஓட்டுகிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். பெண்ணுக்கு ஸ்கூட்டர் பழக்கியவர்கள், மாமனாருக்கு செல்போன் சொல்லிக்கொடுத்தவர்கள், பையன் தப்பாகக் கணக்குப் போடும்போது பென்சிலைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இங்கே வந்து என் பக்கத்தில் உட்காரலாம். நமக்கெல்லாம் ஒரே வியாதி.

பெங்களூரில் இருபது வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் செஞ்சிக்குத் திரும்பினேன். மச்சானின் டிரைவிங் ஸ்கூலுக்கு ஆள் தேவைப்பட்டது, எனக்கு வேலை தேவைப்பட்டது. பெங்களூர் ஆபீசில் சனிக்கிழமைதோறும் பொறுமைக்கு ஒரு வகுப்பு வைப்பார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து கடிகாரத்தைக் கவனிப்பேன். அப்போது படிக்காமல் விட்ட பாடம் இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு பழைய காரில் நடக்கிறது.

எங்கள் காரில் ஒரு விசேஷம் உண்டு. பழகுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே, பக்கத்தில் உட்காரும் என் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். ஆபத்துக்கென்று வைத்தது. நான் அதை எதற்கெல்லாம் பயன்படுத்தினேன் என்பதை இனிமேல் நீங்களே பார்ப்பீர்கள்.

சிங்கவரம் ரோட்டில் மல்லாட்டை

புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் சிங்கவரம் ரோட்டுக்குத்தான் கூட்டிப்போவேன். போக்குவரத்து அதிகம் இருக்காது. ஆனால் அறுவடை நேரத்தில் பாதி ரோடு களமாகிவிடும். அன்றைக்கு ஸ்டியரிங்கில் ஒரு மருந்துக்கடைக்காரர். ரோட்டின் இடது பாதி முழுக்க மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.) ஓரத்தில் கல் அடுக்கி எல்லை கட்டியிருந்தார்கள். எதிரே ஒரு டிராக்டர் மெதுவாக வந்தது. மருந்துக்கடைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி. எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஏழு மணி ஆள் ஸ்கூல் வாசலில் காத்திருப்பாரே என்று. எட்டி ஹார்னை அமுக்கினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் கையை எடுக்காமலே.

மல்லாட்டையைக் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஜன்னல் பக்கம் வந்தார். ஓட்டுகிறவரை விட்டுவிட்டு நேராக என்னிடம் கேட்டார்: "இன்னா சார், நீ ஹார்ன் அடிச்சா மல்லாட்டை எழுந்து ஓரமா போயி நின்னுக்குமா?"

தார்ப்பாய்க்குள் ஒரு வண்டி

ஆரோக்கியமேரி சேர வந்தபோது கையில் எல்.எல்.ஆர். இருந்தது. பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் ஆறு மாத உரிமம். அதில் நாலு மாதம் போய்விட்டிருந்தது. இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் என்றார். அவர் கணவர் அந்தோணிசாமி ஒரு சின்ன லோடு வண்டி வைத்து, அவலூர்பேட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து செஞ்சி கமிட்டிக்கு நெல்லும் மல்லாட்டையும் ஏற்றிவந்தவர். விவசாயிகள் மூட்டையைக் கொண்டுவந்து ஏலம் விடும் இடத்துக்கு இங்கே கமிட்டி என்று பெயர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் அடங்கிப்போயின. குடும்பத்துக்குச் சோறு போட்ட வண்டி வாசலில் தார்ப்பாய் மூடி நிற்கிறது.

வண்டியை விற்றுவிடு என்கிறார் அந்தோணியின் அண்ணன். நான் ஓட்டுகிறேன் என்கிறார் மேரி. கடைசியில் வீட்டுக்குள் ஓர் உடன்பாடு ஆகியிருக்கிறது: எல்.எல்.ஆர். தேதி முடிவதற்குள் மேரி டெஸ்டில் தேறினால் வண்டி இருக்கும், தேறாவிட்டால் போகும். "உங்க மூத்தார் ரொம்பக் கறாரோ?" என்றேன். மேரி சிரித்துவிட்டார். "கெட்டவரு இல்ல மாஸ்டர், பயந்த சுபாவம். வண்டி நின்னா துருப் பிடிச்சிடும்னு ஒரு பயம், ஓடுனா நான் மோதிடுவேன்னு ஒரு பயம்."

இங்கிலீஷில் வந்த கோபம்

பத்தாவது வரை தமிழில் படித்தேன், அதற்குமேல் இங்கிலீஷில். அதனாலோ என்னவோ, நல்ல வார்த்தையெல்லாம் எனக்குத் தமிழில் வரும், கோபம் மட்டும் இங்கிலீஷில் வரும். மேரி கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டாவது வாரம், கூட்டு ரோடு சந்திப்பின் நடுவில் போய் வண்டி அணைந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தார், அணைந்தது. மறுபடி செய்தார், மறுபடி அணைந்தது. பின்னால் திருவண்ணாமலை பஸ் எங்கள் டிக்கியில் ஏறுவதுபோல வந்து அலறியது. நான் அதைவிட அலறினேன். "கிளட்ச்! ஹாஃப் கிளட்ச்! வாட் ஆர் யூ டூயிங்?" என்று கத்திக்கொண்டே, நானே சாவியைத் திருகி, என் பக்கத்துப் பெடல்களை அமுக்கி, ஸ்டியரிங்கையும் ஒரு கையால் திருப்பி, வண்டியை அந்தப்பக்கம் சேர்த்தேன்.

ஓரமாக நிறுத்தியதும் மேரி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். கழுத்தில் கிடந்த ஜெபமாலையைச் சட்டை காலருக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். புடவைமேல் புருஷனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்கு வருவார். அப்புறம் சொன்னார்: "தமிழ்லயே திட்டுங்க மாஸ்டர். புரிஞ்சா திருத்திக்குவேன். இங்கிலீஷ்ல திட்டுனா காலுதான் நடுங்குது."

தானாக நிற்கும் வண்டி

அன்றிலிருந்து தமிழில்தான் திட்டுகிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "என்னம்மா இது" என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அம்மா என்று வாயால் சொன்ன பிறகு கோபம் பாதியாகிவிடுகிறது. மீதிப் பாதிக்கு வாக்கியம் போதவில்லை.

மேரியும் நன்றாகவே ஓட்டினார். அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதம் மிச்சமிருக்கும்போதே டெஸ்டுக்குக் கூட்டிப்போனேன். வழக்கமாக டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பின்சீட்டில் உட்காருவார், மாஸ்டர் பக்கத்திலேயே இருப்பார். அன்று வந்தவர் புதியவர். "மாஸ்டர், நீங்க இறங்குங்க," என்று சொல்லிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தார், இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டு. மைதானத்தின் கடைசியில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அங்கே நிறுத்த வேண்டும். மேரி அழகாக எடுத்தார், அழகாகத் திருப்பினார், அழகாகக் கோட்டைத் தாண்டினார். தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். வேலிக்கு நாலடி முன்னால் அதிகாரி ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். ஃபெயில்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது, ஏன் பிரேக் போடல?" என்றேன். அவர் என்னைவிடக் குழம்பிப்போயிருந்தார். "கோடு வந்ததும் தானா நின்னுடும்னு இருந்தேன் மாஸ்டர். உங்களோட வரும்போது தெனமும் தானாத்தான நிக்குது?"

சம்மணம்

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தின்றது. ஆடு வந்தால் நான் மிதித்திருக்கிறேன். வளைவு வந்தால் நான். பஸ் கண்ணில் பட்டாலே நான். மேரி மிதிப்பதற்கு அரை நொடி முன்னால் என் கால் போய்விடும். இத்தனை நாள் நானே ஓட்டிவிட்டு, நன்றாக ஓட்டுகிறீர்கள் என்று அவரைப் பாராட்டியிருக்கிறேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். காப்பாற்றியது என் படபடப்பைத்தான். அதற்கு ஒரு குடும்பத்தின் வண்டி விலையாகப் போகப்பார்க்கிறது.

இதை மேரியிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அப்ப நான் இன்னும் கத்துக்கவே இல்லியா? சரி, இன்னைக்கு ஆரம்பிக்கலாம்," என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெல்ட் வயிற்றை அழுத்தியது. கிண்டல் செய்யாமல் இருப்பாரா? "கற்பூரம் ஏத்தட்டுமா மாஸ்டர்?" என்றார்.

மூன்றாம் நாள் அந்தோணியும் வந்தார். அவரைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தோம். சிங்கவரம் ரோட்டில் வேகம் கொஞ்சம் கூடியிருந்த நேரம், வரப்பிலிருந்து ஓர் ஆடு ஏறியது. பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து. என் வலது கால் துள்ளியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். பின்சீட்டில் தட்டென்று ஒரு சத்தம். அந்தோணி தன் இடது காலால் தரையை மிதிக்கிறார், இருபது வருஷம் ஓட்டியவர் அல்லவா. நான் மூச்சைக் கவனித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மட்டும் கவனித்தேன். ஒன்று உள்ளே போனது. வெளியே வருவதற்குள் வண்டி குலுங்கி நின்றது. கடைசி ஆட்டுக்கும் எங்களுக்கும் இடையில் இன்னோர் ஆடு நிற்கலாம்.

அந்தோணியின் நெற்றி என் சீட்டில் இடித்திருந்தது. நான் காலைப் பிடித்தபடியே இருந்தேன். மேரி சிலுவை போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேரும் காலை அடக்கினு உக்காருங்க. ஓட்டறது நானு."

சுண்ணாம்புக் கோடு

எல்.எல்.ஆர். முடிய ஐந்து நாள் இருக்கும்போது இரண்டாவது டெஸ்ட். இன்னொரு வாய்ப்புக்கு நேரமில்லை. அந்தோணியின் அண்ணனும் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். அதே அதிகாரிதான். நான் சொல்லாமலே இறங்கிக்கொண்டேன்.

மேரி எடுத்தார். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. அப்புறம் ஏறிவிட்டது. திருப்பினார். கோட்டை நோக்கி வந்தார். நானும் அந்தோணியும் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தோம். நான் என் காலைப் பார்த்தேன், அது மண்ணில் அழுந்தியிருந்தது. மடக்கிச் சுவர்மேல் வைத்துக்கொண்டேன். வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குலுங்காமல் நின்றது.

அதிகாரி தாளில் என்னவோ எழுதினார். இறங்கி எங்களைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்து, "வண்டி ஓட்டி பாஸ் ஆனது அந்தம்மா, உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்த்திருக்கு?" என்றார். அப்போதுதான் பாஸ் என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்தோணி இடது கையால் என் முதுகில் ஓர் அடி வைத்தார். வார்த்தை இன்னும் சரியாக வராதவர், ஆனால் அடி நன்றாகவே வந்தது. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு முழு மூச்சு வந்தது.

மேரி சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே மூத்தாரிடம் போனார். அவர் மேரியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "நாளைக்கே தார்ப்பாயப் பிரிச்சி கழுவிடலாம்," என்று மேரியிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா மெதுவா ஓட்டச் சொல்லுங்க மாஸ்டர், எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்குது."

மொத்தத்தில், இப்போதெல்லாம் எங்கள் காரில் பக்கத்து சீட்டு பிரேக் தேய்வதே இல்லை. தேய்வது, சம்மணம் போட்ட என் முழங்கால்கள்தான்.