சரசு அக்காவின் ஆன்லைன் கடை

இன்று அலோர் காஜா போட்டோஸ்டேட் கடையில் சரசு அக்காவைப் பார்த்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் இருப்பவர்தான், பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறார்.

"தம்பி, மலாய்ல என்னமோ லெட்டர் வந்திருக்கு, படிச்சுச் சொல்றியாப்பா?"

வருமான வரிக் கடிதம். அவர் பெயரில் நடக்கும் ஆன்லைன் வியாபாரத்தை ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்கோ ஒன்றும் புரியவில்லை.

இது யார் வேலை என்று எனக்குப் புரிந்தது. வெளியே வந்து அவர் மகனுக்குப் போன் போட்டேன். ஆயர் குரோவில் நல்ல வேலையில் இருப்பவன்.

"சைட் பிசினஸா ஷூ விக்கிறேண்ணே. என் பேர்ல போட்டா சம்பளத்தோட சேத்து டாக்ஸ் கட்டணும்லா. அதான் அம்மா பேர்ல போட்டேன். அவங்க சம்பளம் கம்மிதானே, யாரு பாக்கப் போறாங்க? ரிலேக்ஸ்லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்று கத்தினேன். வைத்துவிட்டான்.

ஏமாற்றுவதைக்கூடச் சொந்தப் பெயரில் செய்யத் துணிச்சல் இல்லாதவனெல்லாம் முதலாளியாம்!

உள்ளே போனதும் அக்கா கேட்டார்: "அப்ப நான் என்னதான் விக்கிறேன் தம்பி?"

"ஷூ விக்கிறீங்கக்கா."

குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

ஆன்லைன் முதலாளிகளே, உங்கள் அம்மா இப்போது என்ன விற்றுக்கொண்டிருக்கிறார்? அவருக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு வந்து கீழே எழுதுங்கள்.